ஏலக் கணக்குக்கு எந்தப் போன்? (முதுநகர் வீடு குழு)

முருகேசன்: பிரபு, போன் மாற்ற வேண்டும். முக்கியமாக மீன் ஏலத்தில் கணக்குக் குறிக்கத்தான். பழைய நோக்கியா ஈ63 மாதிரி எழுத்துப் பட்டன் வைத்த போன் இப்போது வருகிறதா? விசாரித்துச் சொல்லுப்பா.

பிரபு: கடலூர்க் கடைகளில் கிடைப்பது கஷ்டம் சித்தப்பா. 2018இல் வந்த கீ2 வரிசையோடு பிளாக்பெர்ரியிலேயே எழுத்துப் பட்டன் போன் நின்றுவிட்டது. பழையது தேடி வாங்கினாலும் அதன் மென்பொருள் பழைய ஆண்ட்ராய்டு 8ஐத் தாண்டாது. பணம் அனுப்பும் ஆப்பை அதில் நம்பி வைக்க முடியாது. தொடுதிரையே வாங்கிவிடுங்கள்.

முருகேசன்: இப்போது வைத்திருப்பதும் தொடுதிரைதானே தம்பி. ஐஸ் தண்ணீர், உப்புத் தண்ணீர், விரலெல்லாம் செதில். 4200 என்று தட்டினால் 4 மட்டும் விழுகிறது, இல்லாவிட்டால் திரை தானாக எங்கோ ஓடுகிறது. அதற்குள் ஏலம் விடுகிறவர் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறார். என்ன மீன், எத்தனை பெட்டி, என்ன விலை, யார் எடுத்தது. இவ்வளவுதான் குறிக்க வேண்டும். அதில் ஒன்று விட்டுப்போனாலும் பங்கு பிரிக்கும்போது படகில் போனவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கவிதா: அது உங்கள் கைக்குற்றம் இல்லை சித்தப்பா. விரல் பட்ட இடத்தில் மின்னூட்டம் மாறுவதை வைத்துத்தான் திரை விரலைக் கண்டுபிடிக்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் ஒரு சொட்டு விழுந்தாலும் விரல் பட்டதாக எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தத் தொல்லை கொஞ்சமாவது இருக்கும்.

பிரபு: மைக்கை அழுத்திப் பேசினால்?

முருகேசன்: ஏலக் கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே எனக்குக் கேட்காது.

செல்வி: நான் சொல்கிறேன். மஞ்சக்குப்பத்தில் பிள்ளைகளுக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க முதல் பாடம் ஒன்றுதான், கீயைப் பார்க்காதே. நடு வரிசைக் கீகளை யளனகபக, யளனகபக என்று அடித்து அடித்து விரலுக்கே இடம் தெரிந்துவிடும். கண் தாளில் இருக்கும். கண்ணாடித் திரையில் விரலுக்கு அடையாளம் ஏது? எல்லா இடமும் ஒரே வழவழப்பு. ஒவ்வொரு எழுத்துக்கும் குனிந்து பார்க்க வேண்டும். ஏலத்தில் முருகேசன் கண் பெட்டி மேல் இருக்க வேண்டுமா, போன் மேலா?

கவிதா: உண்மைதான் அத்தை. ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தொடுதிரை செய்த உதவியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2007இல் ஐபோனைக் காட்டியபோது ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்ன குறையே அதுதான்: பிளாஸ்டிக் பட்டன் தேவைப்பட்டாலும் இல்லாவிட்டாலும் அங்கேயே இருக்கும், பிறகு மாற்ற முடியாது. சித்தப்பாவின் ஈ63இல் இருந்தது ஆங்கில எழுத்து. திரையில் 12 உயிரும் 18 மெய்யும் வரைந்து வைத்தால் அதுவே தமிழ் விசைப்பலகை. தமிழ்99 என்ற விசை அமைப்பில் அ, க, க, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் ‘அக்கா’ வந்துவிடும், புள்ளி தானே விழும். நான் அலுவலகக் குறிப்பெல்லாம் அப்படித்தான் எழுதுகிறேன், ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்த காலத்துக்குத் திரும்ப எனக்கு மனமில்லை.

செல்வி: உட்கார்ந்து எழுதும்போது சரி கவிதா. இவன் நின்றுகொண்டு, ஈரக் கையோடு, ஒற்றைக் கையில் எழுதுகிறான்.

பிரபு: அத்தை சொல்வதைக் கேட்டதும் ஒன்று தோன்றுகிறது. சித்தப்பாவுக்கு வேண்டியது பெரும்பாலும் எண்தான். அதற்கு எழுத்துப் பட்டன் எதற்கு? சாதாரண பட்டன் போன் போதும். 5ஆம் பட்டனில் ஒரு மேடு இருக்கும், அதைத் தடவியே மற்ற எண்ணைப் பிடிக்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டாலும் அமுங்கும், தண்ணீரும் படாது. கணக்கை மெசேஜாக அடித்து உங்கள் பெரிய போனுக்கே அனுப்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்து கை கழுவி, திரையில் தமிழில் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

முருகேசன்: மீன் பெயர், ஆள் பெயர்?

செல்வி: எண் வைத்துக்கொள். சங்கரா 1, வஞ்சிரம் 2, கானாங்கத்தை 3. முதல் இடம் மீன், அடுத்தது பெட்டி, கடைசி இரண்டு இடம் வியாபாரி. நடுவில் இருப்பதெல்லாம் விலை, அது மூன்று இலக்கமானாலும் ஐந்தானாலும் குழம்பாது.

முருகேசன்: பத்துப் பெட்டிக்கு மேலேயும் ஒரே வியாபாரிக்குப் போகும் அக்கா, கவலை மீன் நிறைய விழுந்தால்.

செல்வி: அப்படியானால் பெட்டிக்கும் இரண்டு இடம். 2 என்றால் 02.

முருகேசன்: சங்கரா, 2 பெட்டி, 4200, ஏழாம் வியாபாரி. 102420007. சரிதானே?

கவிதா: சரி சித்தப்பா. வியாபாரிகள் பட்டியலை இங்கே போடுங்கள், எண் போட்டுத் தருகிறேன். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து ஐஸ் பெட்டி மூடியில் ஒட்டிக்கொள்ளலாம்.

பிரபு: சாயங்காலம் லாரன்ஸ் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். அமுக்கிப் பார்த்து, பட்டன் பெரிதாக இருப்பதையே எடுப்போம்.

முருகேசன்: வலையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு ஆறு மணிக்கு வருகிறேன் தம்பி.