குட்டி ரயிலுக்குத்தான் ஏன் இவ்வளவு இடம்? – அனுபவப் பகிர்வு

கேளிக்கைப் பூங்காக்களில் பெரிய ரோலர் கோஸ்டரை (வளைந்து நெளிந்து பாயும் தண்டவாள ரயில்) விடக் குடும்பத்தோடு ஏறும் குட்டி ரயிலுக்கு ஏன் அதிக இடம் விடுகிறார்கள் என்ற கேள்விக்கு மூவரின் பதில்.

சாட்ஸ்வர்த், டர்பன்
குடும்பம் எங்கே போகும் என்பதைக் கடைக்குட்டியின் உயரம்தான் தீர்மானிக்கிறது. தலைகீழாகச் சுற்றும் கோஸ்டர்களில் பொதுவாக 1.3, 1.4 மீட்டர் உயரம் கேட்பார்கள். பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் போனால் ஏறுவது இரண்டு பேர்; மற்ற மூவரும் பையைப் பிடித்துக்கொண்டு கம்பியோரம் நிற்பார்கள். அந்த மூவருக்கும் எதுவும் இல்லையென்றால் ஐந்து டிக்கெட்டும் போச்சு. எங்கள் டர்பனில் 2004இல் திறந்த உஷாகா பூங்காவில் தண்ணீர்ச் சறுக்குகளோடு மீன்காட்சியகமும் இருப்பதால் பாட்டிக்கும் பொழுது போகிறது. பிள்ளையை வீட்டிலேயே அளந்துவிட்டுப் புறப்படுங்கள். வாசலில் அழுகை இருக்காது.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்
அக்கா சொன்னதோடு வரிசைக் கணக்கையும் சேர்க்க வேண்டும். ஒரு கோஸ்டரில் 28 இருக்கை, ஒரே ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றி, ஓட்டி, இறக்க 4 நிமிடம் என்றால் மணிக்கு 420 பேர். ஒரு தோள்கம்பி சரியாகப் பூட்டாவிட்டாலும் ரயில் நகராது. இப்படிச் சுற்றுக்கு ஒரு நிமிடம் கூடினாலே 336தான். இரண்டாவது ரயில் விட்டால் ஒன்று ஓடும்போது மற்றதில் ஆள் ஏற்றலாம். ஆனால் சக்கரம், பேரிங், பூட்டு என்று காலைச் சோதனை இரண்டு மடங்காகும். அதனால் கூட்டம் குறைந்த நாளில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நம் ஊரில் வானிலையும் ஒத்துழைக்காது. டிசம்பர் பள்ளி விடுமுறையில்தான் கூட்டம். மதியத்துக்கு மேல் இடிமழை கொட்டுவதும் அப்போதுதான். மின்னல் நெருங்கினால் உயரமான ரைடுகள் நின்றுவிடும். எங்கள் ஊர் கோல்ட் ரீஃப் சிட்டி பூங்காவுக்குப் போனால் அனகோண்டா கோஸ்டரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். அந்த இடமே பழைய கிரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்க நிலம். சுரங்கத்தில் இறங்கிப் பார்ப்பது, தங்கம் வார்ப்பது என்று குடும்பத்துக்கு வேறு வேலையும் உண்டு. கோஸ்டருக்காக மட்டும் வந்தவருக்கு அது நின்றால் அன்றைய நாளே வீண்.

கேப்டவுன்
அண்ணே, எங்களுக்கு இடியைவிடக் கோடைத் தென்கிழக்குக் காற்றுதான் தொல்லை. இங்கே ரட்டாங்கா ஜங்ஷன் பூங்கா 1998இல் திறந்தது. அதில் கோப்ரா என்ற கோஸ்டர் பெயர் போன ரைடு. ஆனாலும் 2018இல் பூங்காவை மூடிவிட்டார்கள். கோஸ்டர் பிரியர் ஒரு ரைடுக்கே திரும்பத் திரும்ப வரிசையில் நிற்பார், கடைப்பக்கம் அதிகம் போகமாட்டார். குடும்பம் நாலு வேளை தின்னும், நிழலில் உட்காரும், சாயங்காலம்வரை இருக்கும்.

அதற்காகப் பெரிய ரைடே வேண்டாம் என்பது தவறு. அது இல்லாவிட்டால் பதினைந்து வயசுப் பிள்ளை வரவே மாட்டான். நடுவில் 1 மீட்டர் பிள்ளை பெரியவரோடு ஏறும் கோஸ்டர் ஒன்று அவசியம். கைக்குழந்தை இருந்தால் வரிசையில் நிற்கும் முன்பே ஊழியரிடம் கேளுங்கள்: ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவரை மறுபடி வரிசையில்லாமல் ஏற்றும் வழக்கம் பல பூங்காக்களில் உண்டு.