பேச்சுத் தொகுப்பை இணைக்கும் கருத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொழிஞ்சாம்பாறை வாசகன்:
எங்கள் வாசகசாலையில் ஞாயிறுதோறும் கூடுகிறோம். தமிழும் மலையாளமும் கலந்த கூட்டம். இந்த முறை ஊக்கமூட்டும் பேச்சுகள்: விவேகானந்தர் 1893இல் சிகாகோ சர்வமத மாநாட்டில் பேசியவை, 1897இல் கொழும்பில் இறங்கியபின் ஊர் ஊராகப் பேசியவற்றில் சில, ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ் 2005இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேசியது. கடைசி வாரம் எல்லாவற்றையும் இணைத்து நான் பேச வேண்டுமாம். குறித்துப் பார்த்தால் தன்னம்பிக்கை, விடாமுயற்சி, துணிவு என்றுதான் வருகிறது. இதெல்லாம் லாரிக்குப் பின்னாலேயே எழுதியிருக்குமே! வேறு வழி உண்டா?

நகரி தறிக்காரன்:
திரும்பத் திரும்ப வரும் சொற்களை எண்ணிப் பாருங்கள். எக்செல் போதும்.

செங்கோட்டை வாத்தியார்:
எண்ணினால் விவேகானந்தரிடம் ஏமாந்துபோவீர்கள் தம்பி. 1897 பேச்சுகள் ஊருக்கு ஊர் வேறு கூட்டத்துக்குப் பேசியவை. கூடவே வந்த சுருக்கெழுத்தாளர் குட்வின் அவற்றைக் குறித்துக்கொண்டே வந்தார். ஊர் மாறினால் விவேகானந்தர் சொன்னதையே மறுபடி சொல்லத்தான் செய்வார்.

நான் பார்ப்பது வேறு. பேசுகிறவர் எங்கே கோபப்படுகிறார்? சிகாகோ என்றால் எல்லோரும் செப்டம்பர் 11 பேச்சின் முதல் வரியோடு நின்றுவிடுகிறோம். 15ஆம் தேதி, கிணற்றுத் தவளைக் கதையைச் சொல்லி எல்லா மதத்தாரையும் ஒன்றாகக் குத்துகிறார், தன்னையும் சேர்த்து. 20ஆம் தேதி, பசித்தவனுக்குச் சோறு கொடுக்காமல் மதத்தைக் கொடுக்கிறீர்களே என்று கிறிஸ்தவர்களிடம் நேராகவே கேட்கிறார். சென்னைக்கு வந்து ‘இந்தியாவின் எதிர்காலம்’ பற்றிப் பேசும்போது திட்டு உங்கள் கேரளப் பக்கம் திரும்புகிறது. மேல்சாதிக்காரர் நடக்கும் தெருவில் ஏழைப் பறையர் நடக்கக் கூடாது, பெயரை மாற்றிக்கொண்டு வேறு மதத்தானாக வந்தால் நடக்கலாம் என்றால் மலபார்க்காரர் எல்லாம் பைத்தியங்கள், வீடுகள் பைத்தியக்கார விடுதிகள் என்கிறார். மூன்று இடத்திலும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடமே, வழியை மறிக்கும் வேலியைக் காட்டுகிறார். எங்கள் ஊரும் முன்பு திருவிதாங்கூர், அப்புறம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சிதான், எனக்கும் உறைக்கத்தான் செய்கிறது.

ஜாப்ஸ் யாரையும் திட்டவில்லை. அவருடைய மூன்று கதையிலும் ஏதோ ஒன்று கைவிட்டுப் போகிறது: கல்லூரிப் படிப்பு, தான் தொடங்கிய கம்பெனி, அப்புறம் புற்றுநோய் வந்து உயிரே போகிற நிலை. எல்லாம் ஒரு தனி மனிதனின் இழப்பு, அவனே சமாளித்துக்கொள்கிறான். ஆகவே இரண்டு பேரையும் ஒரே கருத்தில் அடைக்க வேண்டாம். ‘வழியை அடைப்பது யார், திறக்க வேண்டியது யார்?’ என்ற கேள்வியைப் போடுங்கள். பதில் வேறு வேறாக வந்தால் வரட்டும்.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:
சார், அந்தப் ‘பைத்தியக்கார விடுதி’ வரியை இங்கே மேடைக்கு மேடை சொல்வார்கள். தெருவில் நடக்கிற விஷயம் என்று யாரும் சொன்னதில்லை. வைக்கம் சத்தியாகிரகமும் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாச் சாதியினரும் நடக்க வேண்டும் என்றுதானே 1924இல் தொடங்கியது! அதையும் சேர்த்துவிடுகிறேன். ஜாப்ஸைக் கடைசிக்குத் தள்ளிவிடலாமா?

செங்கோட்டை வாத்தியார்:
வேண்டாம், நடுவில் வையுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் அவருக்காகத்தான் வருவார்கள். முன்னால் வைத்தால் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

நகரி தறிக்காரன்:
சரி, எக்செலை மூடிவிட்டேன். வைக்கம் பற்றித் தமிழில் எளிதாக வாசிக்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் சார்.