ஒன்பது மணிக்கு வரும் அந்தக் கிட்டார்: கப்பல் வானொலி டிஜேக்களின் குறியிசைகள்

வால்வுசெட்

பிரிட்டன் கரைக்கு வெளியே கடலில் கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ லண்டன் மூடிய நாளின் பதிவு இந்தக் குழுவில் எல்லாருக்கும் மனப்பாடம், அதனால் முன்கதை வேண்டாம். 1967 ஆகஸ்ட் 14, பிற்பகல் 3 மணி, கேலக்ஸி கப்பல். பேச்சு எப்போதும் கடைசியாக ஓடிய பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்' பாட்டிலேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. டிஜே பால் கே நேரம் சொல்லி, நிலையம் மூடுகிறது என்கிறார். நிலையத்தின் சொந்தக் குறியிசை (தீம் மெட்டு) 'பிக் லில்' வருகிறது. அதுவும் முடிகிறது.

இப்படி ஒரு முடிவில் நிசப்தம் இரண்டு முறை வரும். இசை நின்றதும் ஒரு மெத்தென்ற அமைதி: ஒலியைச் சுமந்து வரும் ரேடியோ அலையான சுமப்பலை இன்னும் இருக்கிறது, அதில் ஒலி ஏதும் இல்லை. டிரான்ஸ்மிட்டரை அணைத்த நொடியில் ரேடியோவின் ஏஜிசி (அலையின் வலுவுக்கேற்ப ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும் சுற்று) முழுக்கத் திறந்துகொள்ள, 'ஸ்ஸ்' என்று இரைச்சல் பொங்கி எழும், பக்கத்து நிலையங்களும் அதோடு உள்ளே வரும். நிலையம் போனது காதில் விழுவது அங்கேதான். பதிவைச் 'சுத்தம்' செய்கிறவர்கள் இசையின் கடைசி சுரத்திலேயே ஃபேட் போட்டு முடிக்கிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். சுமப்பலை போன பிறகும் குறைந்தது 20 நொடி அப்படியே விடுங்கள்.

நாணல்

மூடிய இசையை விட இரவு 9 மணிக்குத் திறந்த இசைதான் எனக்கு. கரோலைன் சவுத் என்ற இன்னொரு கப்பல் வானொலி, மி அமிகோ கப்பல், இங்கிலாந்தின் ஃப்ரின்டன் கரையிலிருந்து மூன்றரை மைல். டிஜே ஜானி வாக்கர் நிகழ்ச்சிக்கு டுவேன் எடியின் 'பிகாஸ் தேர் யங்'. அந்த அடித்தந்திக் கிட்டார் எழும்பும்போது கரையோரம் கார்கள் வரிசையாக நிற்கும். வாக்கர் கேள்வி கேட்பார், கார்க்காரர்கள் முன்விளக்கை அடித்துப் பதில் சொல்வார்கள். கப்பலிலிருந்து அது தெரியும். இந்தக் காட்சியோடு சேர்த்துக் கேட்டால்தான் அந்த மெட்டு ஏன் அவருக்கு அவ்வளவு பொருந்தியது என்று புரியும்.

தொழில் ரீதியாகவும் அது சரியான தேர்வு. குரல் இல்லாத இசை, ஆகவே மேலே பேசலாம். பாட்டு இருந்தால் மத்திய அலையில் இரண்டு குரலும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். கைக்கடக்க டிரான்சிஸ்டர் செட்டின் சின்ன ஸ்பீக்கரில் உண்மையான பாஸ் வராது, 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரைதான் நன்றாக வரும். அந்தக் கிட்டாரின் 'டொய்ங்' என்ற விளிம்பும் பித்தளைக் கருவிகளும் அங்கேதான் இருக்கின்றன. கப்பல் டிஜேக்கள் தீமாகப் பிடித்ததில் கிட்டாரும் பித்தளையும் ஆர்கனும் நிறைந்திருப்பதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. ஆரம்பக் கால கரோலைன் ஜிம்மி மெக்கிரிஃபின் 'ரவுண்ட் மிட்நைட்' ஆர்கனோடு மூடியதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று: பேச்சு நிற்கும் இடைவெளியில் இசை பொங்கி மேலே வந்து, பேச ஆரம்பித்ததும் அமுங்கும். அது லிமிட்டர் (ஒலி அளவு எல்லை தாண்டாமல் அடக்கும் கருவி) செய்வது, டிஜேயின் கை அல்ல. கப்பல் பதிவுகளின் மூச்சே அதுதான்.

நாற்பத்தைந்து சுற்று

நாணல் சொன்னதில் விட்டுப்போனது: தீம் இசை டிஜேவுக்குக் கடிகாரம். 2 நிமிட இசைத்தட்டு மணி அடிக்கும்போது சரியாக முடியவேண்டும் என்றால் 58-வது நிமிடம் ஃபேடரை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) மூடி வைத்து ஓடவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முடிந்ததும் ஃபேடரைத் தூக்கினால் தீம் நடுவிலிருந்து எழும்பும், செய்திக்கு அரை நொடி முன் கடைசி அடி விழும்.

தட்டைப் பிடிப்பதும் ஒரு கலை. ஃபெல்ட் விரிப்பின்மேல் தட்டை விரலால் நிறுத்தி, கீழே மேடை சுற்றிக்கொண்டே இருக்க, சரியான நொடியில் விரலை எடுப்பது ஒரு வகை. மோட்டாரை நிறுத்தி வைத்துத் தொடங்கினால் முதல் சுரத்திலிருந்து கால் சுற்று பின்னே இழுத்து வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஒரு சுற்று 1.33 நொடி, கால் சுற்று மூன்றில் ஒரு நொடி. அதற்குள் மோட்டார் வேகம் பிடிக்காவிட்டால் முதல் சுரம் வழுக்கிக்கொண்டு வரும். காற்றடிக்கும் நாளில் கப்பல் உருள, ஊசி பள்ளம் தாண்டும். பிக்கப் தலையில் பென்னி நாணயம் வைத்து ஓட்டினார்கள். தாண்டுவது நிற்கும், ஆனால் அந்தத் தட்டின் ஆரம்பப் பள்ளங்கள் தேய்ந்து கரகரக்கும். தினம் ஓடும் தீம் தட்டுதான் முதலில் சாகும்.

எனக்கு உறுத்துவது டிஜே டோனி பிளாக்பர்னின் தீம் 'பீஃபீட்டர்ஸ்'. ஜானி டேங்க்வொர்த் இசைக்குழுவின் பித்தளை இசை. கப்பலில் தீமாக இருந்ததை 1967 செப்டம்பர் 30 காலை 7 மணிக்கு பிபிசி ரேடியோ 1 திறப்பு நிகழ்ச்சிக்கும் அவர் கொண்டுபோனார். கப்பல் வானொலிகளைச் சட்டம் போட்டு முடக்கி ஏழு வாரம்கூட ஆகவில்லை. அதே மெட்டு அரசு நிலையத்தில்! கப்பல் பதிவையும் ரேடியோ 1 பதிவையும் அடுத்தடுத்து ஓட்டும்போது சுருதி ஒத்துப்போகாவிட்டால் எனக்குப் பொறுக்காது. வெளியான இசைத்தட்டை அளவாக வைத்து இரண்டையும் அதன் சுருதிக்கு இழுத்துவிடுங்கள். இதுதான் சரியான வழி.

மின்னோடி

நாற்பத்தைந்து சுற்று அண்ணா, உங்கள் முறை தவறு. கோபிக்காதீர்கள், ஆனால் இதை இப்படியே விட்டால் புதிதாக வருகிறவர்கள் எல்லாப் பதிவையும் தட்டுக்கு இழுத்துக் கெடுத்துவிடுவார்கள்.

கப்பலில் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து. டர்ன்டேபிளில் சிங்க்ரனஸ் மோட்டார் இருந்தால் அதன் வேகம் முழுக்க ஜெனரேட்டரின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. சுமை ஏறி 50 ஹெர்ட்ஸ் 48-க்கு இறங்கினால் 4 சதவீத வேகக் குறைவு, சுருதியில் கிட்டத்தட்ட முக்கால் அரைச்சுரம். உங்கள் 2 நிமிடத் தீம் 125 நொடி ஓடும். 58-வது நிமிடம் தட்டை விட்டால் மணிக்கு 5 நொடி தாண்டித்தான் முடியும். அமெரிக்க 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50-ல் ஓட்டினால் மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். அதைப் புல்லி மாற்றித்தான் சரிசெய்ய முடியும். ஆக, அன்றிரவு காற்றில் போனதே தாழ்ந்த சுருதியாக இருக்கலாம். கரையில் கேட்டவர் கேட்டதும் அதைத்தான். தட்டுக்கு இழுத்தால் நடக்காத ஒன்றைப் பதிவு செய்கிறோம்.

சரிசெய்ய வேண்டியது கேட்டவர் வீட்டு டேப்பின் வேகத்தை மட்டும். அதற்கு வால்வுசெட் சொன்ன அந்த 20 நொடிதான் சாவி. வீட்டு மின்சாரத்தில் ஓடிய ரெக்கார்டரில் அந்த மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் (ஹம்) பதிந்திருக்கும். ஒலிபரப்பு நடக்கும்போது கப்பல் டிரான்ஸ்மிட்டரின் முனகலும் அதோடு கலந்திருக்கும், எது எது என்று பிரிக்கவே முடியாது. சுமப்பலை போன பிறகு மிச்சமிருப்பது வீட்டு முனகல் மட்டும். அந்தப் பகுதியை ஸ்பெக்ட்ரத்தில் போட்டு, நீண்ட விண்டோ (ஒரே தடவையில் அளக்கும் கால நீளம்) வைத்து அளந்துபாருங்கள். 48.5 வந்தால் 50-ஐ 48.5-ஆல் வகுத்து, 1.031 மடங்கு வேகம் கூட்டுங்கள். கூட்டிய பிறகும் தீம் தட்டைவிடத் தாழ்ந்திருந்தால் அது கப்பலுடையது. தொடக்கூடாது.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: இன்று நீங்கள் டேப்பை ஓட்டும் மெஷினின் சொந்த முனகல். டேப் ஓடாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து, அதில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடிய ரெக்கார்டர் என்றால் இந்த முறையே பயன்படாது.

நாற்பத்தைந்து சுற்று

முனகல் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. ஆனால் மூடும் நேரம் பதிவான டேப் எத்தனை கிடைக்கும்? நடுவே 10 நிமிடம் மட்டும் உள்ள டேப்புக்குத் தட்டை விட்டால் வேறு அளவு இல்லை. குறைந்தபட்சம் 'தட்டுக்கு இழுத்தது' என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கலாம், இழுக்காத மூலத்தையும் வைத்திருக்கலாம்.

வடமராட்சி அலை

இஞ்சை குறியிசை எண்டு எழுதினதைப் பார்க்கச் சந்தோசம். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த சனத்துக்கு அதுதான் பழகின சொல்.

ஆர்என்ஐ (ரேடியோ நோர்த்சீ இன்டர்நேஷனல்) எண்ட கப்பல் வானொலி பற்றி ஒருத்தரும் எழுதேல்லையே. மெபோ டூ கப்பல், லெஸ் ரீடின்ரை 'மேன் ஒஃப் எக்‌ஷன்'. 1970-ல பிரிட்டிஷ் அரசு இதுக்கு மேல இரைச்சல் போட்டு மறிச்சது. அதுக்குள்ளாலயும் எழும்பி வாறதுக்கெண்டே செய்த மெட்டு மாதிரி இருக்கும். சிற்றலையில 6205 கிலோஹெர்ட்ஸ், 49 மீற்றர் அலைவரிசையின்ரை மேல் விளிம்புக்குச் சற்று வெளிய. பெரிய நிலையங்கள் 6200-க்குக் கீழ நெருக்கியடிச்சு நிக்க, இது ஒதுங்கி நிண்டது.

எனக்கு ஒட்டிக்கொண்டது மங்கல் நேரத்தில அந்த மெட்டுக்கு நடக்கிறது. தெரிவு மங்கல் (செலெக்டிவ் ஃபேடிங்) வந்தால் சுமப்பலை மட்டும் விழுந்து, ஒலி இருக்கிற பக்கப்பட்டைகள் நிக்கும். பித்தளை எல்லாம் நசுங்கி, தண்ணிக்குள்ள இருந்து ஊதின மாதிரி ஒரு கணம் கேக்கும், பிறகு திரும்பத் தெளியும். மெட்டின்ரை தாளம் மட்டும் அறுபடாது. ஆர் பேசுகினம் எண்டு விளங்காத இடத்திலயும் நிலையத்தை அந்தத் தாளத்தால பிடிக்கலாம். 1974 ஓகஸ்ட் 31-ஓட அது முடிஞ்சுபோச்சு, அடுத்த நாள் கப்பல் வானொலியைத் தடுக்கிற நெதர்லாந்துச் சட்டம் வந்திட்டுது.

இப்படியான பதிவில தெரிவு மங்கலை 'திருத்த' ஈக்குவலைசர் போடாதேங்கோ. உருக்குலைஞ்ச ஒலி அதால திரும்பாது, இரைச்சல்தான் கூடும்.

சுருள்நாடா

தீம் பற்றி என்னிடம் சொல்ல இருப்பது சின்ன விஷயம். தட்டு தேய்ந்த பிறகு தீமை கார்ட்ரிட்ஜுக்கு மாற்றுவார்கள். முடிவில்லாச் சுற்று நாடா, நொடிக்கு ஏழரை அங்குலம், தொடக்கத்தில் மெஷினை அங்கே நிறுத்தும் 1 கிலோஹெர்ட்ஸ் குறியொலி. பல மெஷின்களில் அழிக்கும் ஹெட் இல்லை, மொத்தமாக அழிக்கும் காந்தத்தில் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய விளம்பரம் தீமுக்கு அடியில் கிசுகிசுக்கும். நாடாவின் ஒட்டு ஹெட்டைத் தாண்டிய பிறகே பதிவைத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் முதல் சுரத்தில் ஓட்டை விழும். பதிவுகளில் தீமின் முதல் அடி எப்போதும் ஒரே மாதிரி அமுங்கிக் கேட்டால் காரணம் பெரும்பாலும் அதுதான், கப்பல் ஆட்டம் இல்லை.

ஆனால் மேலே எல்லாரும் டேப்பை ஓட்டுவது பற்றிப் பேசுகிறீர்கள். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லியே ஆகவேண்டும்: ஓட்டும் முன் அது என்ன நாடா என்று பாருங்கள். சுருளை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரிவது அசிட்டேட், தெரியாதது பாலியெஸ்டர். 1960-களின் நாடாவில் அசிட்டேட் நிறைய. இழுத்தால் நீளாமல் டக்கென்று அறும், சுத்தமாக அறுவதால் ஒட்டுவது சுலபம். பாலியெஸ்டர் நீண்டுவிடும், நீண்ட இடத்துக்கு மருந்து இல்லை. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசம் வந்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது. மற்ற நாடாக்களிலிருந்து தள்ளி வைத்து, அதை முதலில் டிஜிட்டல் ஆக்குங்கள்.

ஹெட்டில் பிசின்போல் ஒட்டி, கிறீச்சிட்டு நிற்பது வேறு நோய், 1970, 80-களின் சில பாலியெஸ்டர் நாடாவுக்கு வருவது. அதைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் வெதுப்பினால் சில வாரம் ஓடும். வீட்டு அவனில் வேண்டாம், வெப்பம் தாவும். பழம் உலர்த்தும் மின்பெட்டி போதும், தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அசிட்டேட்டை எந்தக் காரணம் கொண்டும் வெதுப்பக் கூடாது, சுருண்டு போய்விடும். ரேடியோ லண்டன் காலத்து நாடா கிறீச்சிடுகிறது என்று யாராவது அடுப்பைத் தேடினால் அங்கேயே நிறுத்துங்கள். வேகமாகச் சுற்றுவதையும் தவிருங்கள். இரு திசையிலும் மெதுவாக ஒருமுறை ஓடவிட்டு, ஒருநாள் வைத்திருந்து பிறகு பதிவு செய்யுங்கள். ஹெட்டின் சாய்வை (அசிமுத்) உங்கள் மெஷினுக்கு வைத்திருப்பதுபோல் விடாமல், மேல்சுரம் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்துக்கு ஒவ்வொரு நாடாவுக்கும் தனியாகத் திருப்புங்கள். வீட்டு ரெக்கார்டர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில் பதிந்தது.

மின்னோடி

சுருள்நாடா ஐயா, சாய்வு பற்றிச் சொன்னது முனகல் அளவைப் பாதிக்காது, ஆனால் வரிசை முக்கியம்: முதலில் சாய்வு, பிறகு பதிவு, கடைசியில் கணினியில் வேகம். வேகத்தை டெக்கில் திருகிச் சரிசெய்தால் முனகல் அளவு கைவிட்டுப் போகும்.

வால்வுசெட்

அப்படியானால் அந்த 20 நொடியை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் தனிக் கோப்பாக வையுங்கள், இரைச்சல் நீக்கும் மென்பொருள் எதையும் அதன்மேல் ஓட்டாமல். 'பிக் லில்'லின் கடைசி அடியிலிருந்து தொடங்குங்கள்.