புதுப்பிப்பு: 5 கி.மீ. ஒளியிழையில் 8 டெசிபல் இழப்பு, காரணம் கிடைத்தது

கணக்குப்படி 3 டெசிபல் (ஒளி எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்லும் அலகு) அளவில் இருக்க வேண்டிய ஒளி இழப்பு, என் ஒற்றைமுறை (சிங்கிள்-மோட்) ஒளியிழைப் பயிற்சி அமைப்பில் 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் 8 டெசிபல் காட்டுவதாகச் சென்ற வாரம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. சிக்கல் தீர்ந்தது.

முதலில் இழைகளை இணைக்கும் கனெக்டர்களின் முனைகளைத் துடைத்தேன், 0.6 டெசிபல்தான் குறைந்தது. லேசர் மாட்யூலை மாற்றியும் பயனில்லை. "கனெக்டரின் நிறத்தைப் பாருங்கள்" என்ற பதில்தான் வழிகாட்டியது. பச்சை நிற ஏபிசி (APC) வகை கனெக்டரை, நீல நிற யூபிசி (UPC) வகைக்கான அடாப்டரில் செருகியிருந்தேன். ஏபிசி முனை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டது, யூபிசி முனைக்கு அந்தச் சாய்வு கிடையாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய காற்று இடைவெளி விழுகிறது. இழையின் நடுவே ஒளி செல்லும் உள்ளகத்தின் விட்டமோ ஏறத்தாழ 9 மைக்ரான்தான். அந்த அளவில் இது பெரிய பள்ளம். வெளியே பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், அதனால் சந்தேகமே எழவில்லை. இரு முனையும் யூபிசியாக உள்ள பேட்ச் கார்டை (குட்டையான இணைப்பு இழை) போட்டதும் இழப்பு 2.9 டெசிபல்.

எதிர்பாராதது ஒன்று. 1550 நானோமீட்டரில் இழப்பு இன்னும் குறைய வேண்டும், ஆனால் 4 டெசிபல் காட்டியது. மேசைக்குப் பின்னால் கார்டை இறுக்கி வளைத்துக் கட்டியிருந்தேன். நீண்ட அலைநீளம் வளைவில் அதிகமாகக் கசியும். கட்டைத் தளர்த்தியதும் 2.1. இரு அலைநீளங்களிலும் அளந்து பார்த்திராவிட்டால் இந்த வளைவு என் கண்ணில் பட்டிருக்காது.

முனைகளை உருப்பெருக்கியில் பார்ப்பவர்கள் லேசரை அணைத்துவிட்டே பாருங்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.