டெக்சாஸ், 45 ஏக்கர்: இறைச்சி மந்தைக்கு எஃப்-1 சினைக் கிடேரியா, நடுவயசுப் பசுவா?

கேட்டவர்: பெர்முடாபுல்
ஆஸ்டினுக்குக் கிழக்கே 45 ஏக்கர், பெரும்பகுதி கோஸ்டல் பெர்முடாப் புல். 12 தாய்மாடு விட்டு, கன்றைப் பால்மறந்ததும் ஏலச் சந்தையில் விற்பதாகத் திட்டம். கையில் இரண்டு வாய்ப்பு:
அ) பிராமன் (திமில் இனம்)–ஹெர்ஃபோர்ட் (ஐரோப்பிய இனம்) எஃப்-1, அதாவது இரண்டு தனி இனங்களின் முதல் தலைமுறைக் கலப்பு (புலிவரி போட்ட "டைகர் ஸ்ட்ரைப்") சினைக் கிடேரி, தலைக்கு 3,800 டாலர்.
ஆ) 6 வயசு ஆங்கஸ் கலப்பு, சினை உறுதி, 2,800 டாலர்.
ஆயிரம் டாலர் கூடக் கொடுப்பது தகுமா?

வரவுசெலவு
வாங்கும் விலையைப் பார்க்காதீர்கள். வாங்கிய விலையில் அடிமாட்டு விலையைக் கழித்து, மிச்சத்தை அது போடப்போகும் கன்றுகளால் வகுங்கள்.

கிடேரி: 3,800 – 1,500 = 2,300. ஒன்பது ஈத்து என்றால் கன்றுக்கு 256. முதலீட்டின் சராசரி (வாங்கும் விலைக்கும் அடிமாட்டு விலைக்கும் நடு) 2,650, வட்டி 8% என்றால் 212. பராமரிப்பு 1,000 சேர்த்தால் வருஷத்துக்கு 1,468.
நடுவயசு: 2,800 – 1,400 = 1,400. இன்னும் நாலு ஈத்துதான், ஆக 350. வட்டி 168. மொத்தம் 1,518.

நூறு மாட்டுக்கு 88 கன்று பால்மறக்கும் என்று வைத்தால் கன்றுக்கு அடக்கவிலை 1,668, 1,725. கன்று 525 பவுண்டு என்றால் பவுண்டுக்கு 3.18-ம் 3.29-ம் வந்தால்தான் கையைக் கடிக்காது. மலிவு மாடுதான் கன்றுக்கு அதிகம் பிடிக்கிறது. ஆனால் கிடேரி ஆறு ஈத்தோடு நின்றால் கணக்கு 3.45-க்கு ஏறிவிடும். எல்லாம் அந்த ஈத்து எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

2025 தொடக்கத்தில் அமெரிக்க மாட்டு எண்ணிக்கை 8.67 கோடி, 1951-க்குப் பிறகு அதுவரை அதுதான் குறைவு. விலை உச்சத்தில் இருக்கக் காரணம் அது. உச்சத்தில் வாங்கிய மாடு சரிவில் கன்று போடும், ஆகவே பவுண்டுக்கு 3.50 நிலைக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

செவலைத்திமில்
மேலே இரண்டு மாட்டுக்கும் 88% என்று ஒரே அளவு போட்டிருக்கிறார், அது எஃப்-1க்கு அநியாயம். நெப்ராஸ்கா கிளே சென்டரில் யு.எஸ்.டி.ஏ. (அமெரிக்க வேளாண் துறை) நடத்திய ஆய்வுகளில் ஐரோப்பிய இனங்களைக் கலந்தபோதே, காளைக்கு விட்ட ஒவ்வொரு பசுவுக்கும் பால்மறந்த எடை சுமார் 23% கூடியது. அதில் பெரும்பங்கு, 14.8%, தாய் கலப்பாக இருப்பதால் வந்தது. கன்று கலப்பாக இருப்பதால் 8.5% மட்டுமே. திமில் இனத்தை ஐரோப்பிய இனத்தோடு சேர்த்தால் இந்தக் கலப்பு வீரியம் இன்னும் அதிகம். வெயிலும் உண்ணியும் தாங்கும், ஆயுசும் நீளம்.

எஃப்-1க்கு விட வேண்டிய காளை ஆங்கஸ்தான், பிறப்பு எடை குறைந்த வம்சம். கன்றுக்குக் கால் பங்கு பிராமன் ரத்தம், பெரும்பாலும் கறுப்பு. பிராமன் காளையைச் சேர்த்துவிடாதீர்கள்: காது தொங்கி திமில் எழும்பிய கன்றுக்குச் சந்தையில் பவுண்டு விலையே வெட்டு விழும்.

பன்னிரண்டு மாட்டுக்குச் சொந்தக் காளை சுமைதான். 5,000-க்கு வாங்கி நாலு வருஷம் கழித்து 2,500-க்கு விற்றால் மாட்டுக்கு வருஷம் 52 டாலர், 25 மாடு இருந்தால் 25 டாலர். வாடகைக் காளை கிடைத்தால் பாருங்கள்.

பெர்முடாபுல்
நன்றி. பிறக்கும் கிடேரிக் கன்றுகளையே வளர்த்துக்கொண்டால் மறுபடி வாங்க வேண்டாமே?

செவலைத்திமில்
எஃப்-1 பசு வயிற்றில் எஃப்-1 பிறக்காது. ஆங்கஸுக்குப் பிறந்த மகளை மீண்டும் ஆங்கஸுக்கே விட்டால், பேரக்கன்றுக்குக் கலப்பு வீரியம் பாதியாகிவிடும். காளை அப்பனே என்பதால் அதற்கு வேறு காளை, வேறு வேலி. பிறந்ததிலிருந்து அதன் முதல் கன்றை விற்றுக் காசு பார்க்க இரண்டரை, மூன்று வருஷம் ஆகும், அதுவரை ஒரு தாய்மாட்டுப் புல்லை அது தின்னும். சின்ன மந்தைக்கு எல்லாக் கன்றையும் விற்றுவிட்டு, தேவைப்படும்போது வெளியில் வாங்குவதே லாபம்.

காலடிக்கன்று
வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை.

"சினை" என்ற சொல்லை நம்பாமல், மருத்துவர் கைவிட்டுப் பார்த்து எழுதிய மாதம் கேளுங்கள். பன்னிரண்டும் 60 நாளுக்குள் கன்று போட வேண்டும். இழுத்தடித்தால் ஒரே லாட்டாக விற்க முடியாது, ஒற்றைக் கன்றுக்கு விலை மட்டம். எந்தக் காளைக்குச் சினை என்பதும் முக்கியம். தலையீத்துக் கிடேரி கனத்த கன்றைச் சுமந்தால் இரவில் சங்கிலி போட்டு இழுக்கும் வேலை உங்களுக்கு.

நடுவயசு என்றால் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். கடை சேர்ந்து (முன்பல் எல்லாம் முளைத்து முடிந்து), பல் தேயாமல் உயரமாக இருந்தால் சரி. குட்டையாகி இடைவெளி விழுந்தது "6 வயசு" இல்லை. காம்பு புட்டி மாதிரி வீங்கியிருந்தால் பிறந்த கன்று வாய்வைக்கத் திணறும்.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இரண்டாவது சினை. கருக்காலம் 283 நாள் என்றால் ஆண்டுக்கொரு கன்றுக்கு 82 நாளில் மறுபடி பிடிக்க வேண்டும், பிராமன் ரத்தத்தில் கருக்காலம் இன்னும் சில நாள் நீளும். தலையீத்துக்காரி தானும் வளர்ந்து பாலும் கொடுக்கிறது. கன்று போடும்போது உடல்நிலை மதிப்பெண் (1 மெலிவு, 9 கொழுப்பு) 6 இருக்கட்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரிந்தால் அந்த வருஷம் சினை சந்தேகம்தான்.

வைக்கோல் உருளையை வளையத் தொட்டியில் போடுங்கள். தரையில் விட்டால் மூன்றில் ஒரு பங்கு மிதிபடும். 120 நாள் குளிருக்கு மாட்டுக்கு ஆயிரம் பவுண்டு உருளை நாலு. வெளிக்காளை எதுவானாலும் டிரைக்கோமோனியாசிஸ் (இணைசேரும்போது பரவிக் கருவைக் கலைக்கும் நோய்) சோதனைத் தாள் இல்லாமல் கேட்டைத் திறக்காதீர்கள். புது மாடுகள் 30 நாள் தனி வேலியில்.

வரவுசெலவு
வரிக் கணக்கில் ஒன்று விட்டுப்போனது: விலைக்கு வாங்கிய தாய்மாட்டுக்கு ஐந்து வருஷத் தேய்மானம் காட்டலாம், வீட்டில் வளர்த்ததற்கு அடக்கவிலையே கிடையாது. ஆனால் தேய்மானம் எடுத்த மாட்டை அடிமாடாக விற்கும்போது, எடுத்த தேய்மானம் அளவுக்கு வரும் லாபம் சாதாரண வருமானமாகவே வரிக்கு வரும்.

அந்த அ) பட்டியலில் கிடேரிகள் எந்தக் காளைக்குச் சினை என்று போட்டிருக்கிறார்களா?