அலைபேசியில் கணக்குக் கேட்ட அனுபவங்கள்

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை:

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நான் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணிதம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. பார்த்த பிள்ளைக்கு என்ன புரிந்தது என்பதை அறிய என்னிடம் இருந்தது அலைபேசி ஒன்றுதான். முதலில் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து கணக்குகளை அனுப்பி, நோட்டில் செய்து படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு பிள்ளை அடித்துத் திருத்தியிருந்த அதே இடத்தில் வேறு மூன்று பிள்ளைகளும் அடித்துத் திருத்தியிருந்ததைக் கண்டபோது, இந்தப் படங்களை வைத்து யாருக்கும் மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அலைபேசியில் அழைத்துப் பேசத் தொடங்கினேன். பல வீடுகளில் அலைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்பதால் இரவு ஏழு மணிக்கு மேல்தான் பேச முடியும். பட்டன் போன் மட்டுமே உள்ள வீடுகளுக்கும் இந்த வழி பொருந்தியது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் 52இல் 27ஐக் கழிக்கச் சொன்னேன். 35 என்றான். எப்படிச் செய்தாய் என்று கேட்டதும், "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு, டீச்சர்" என்றான். பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் கழித்தல் என்று அவன் ஆண்டுக்கணக்காக நம்பியிருக்கிறான். கடன் வாங்குவது அவனுக்குச் சென்று சேரவேயில்லை. நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் அவனுடைய குரலை நான் இவ்வளவு அருகில் கேட்டதில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

சில வீடுகளில் பெற்றோர் பக்கத்திலிருந்து விடையை மெல்லச் சொல்லிக்கொடுப்பதும் காதில் விழும். "அவன் தப்பாகச் சொன்னால்தான் நான் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஐயா" என்று சொன்ன பிறகு பெரும்பாலோர் ஒதுங்கி நின்றார்கள்.

இணையவழி வினாப்படிவமான கூகுள் ஃபார்மையும் நான் கைவிடவில்லை. தவறான விடைகளைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டேன். 1/2உடன் 1/3ஐக் கூட்டச் சொல்லும் வினாவில் 2/5 என்பதை ஒரு தெரிவாக வைத்தால், அதைத் தொடும் பிள்ளை தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

தொலைநிலைக் கல்வியில் கணிதம் பயின்றவர்:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் பருவத் தேர்வுகளில் ஒன்று, கேமராவை இயக்கியபடி அலைபேசியிலேயே ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டிய கொள்குறி வினாத் தேர்வாக நடந்தது. தொகையீட்டுக் கணக்கொன்றில் எல்லாப் படிகளையும் சரியாகச் செய்து, கடைசியில் ஒரு குறியை மட்டும் மாற்றிப் போட்டேன். தாளில் எழுதியிருந்தால் படிகளுக்குக் கிடைத்திருக்கும் மதிப்பெண் இங்கே முழுவதும் போயிற்று. அடுத்த பருவத்தில் தாளில் எழுதி, அலைபேசியில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகப் பதிவேற்றச் சொன்னார்கள். சிக்னல் கிடைக்க மொட்டைமாடிக்கு ஓட வேண்டியிருந்தாலும், நான் சிந்தித்த வழியைத் திருத்துபவர் பார்ப்பார் என்ற நிம்மதியோடு எழுதினேன்.

மாலை வகுப்புத் தன்னார்வலர்:

ஆசிரியை செய்ததைப் போன்ற ஒன்றை 2020இல் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் ஆய்வாகவே நடத்தியிருக்கிறார்கள். வாரந்தோறும் குறுஞ்செய்தியில் கணக்குகளை அனுப்பி, ஒரு பிரிவினரை அழைத்தும் பேசி, பிறகு பிள்ளைகளின் நிலையைத் தொலைபேசியிலேயே சோதித்தார்கள். செய்த முறையைப் பிள்ளை விளக்கினால்தான் விடையைச் சரி என்று ஏற்றார்கள் என்று படித்தபின், நானும் அவ்வாறே கேட்கிறேன். எண்களில் இது நன்றாக நடக்கிறது. படம் வரைய வேண்டிய வடிவியலைத்தான் குரலில் எப்படிச் சோதிப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை:

நான் கையால் செய்யவைத்துக் கேட்டேன். பழைய காகிதத்தில் விருப்பம்போல ஒரு முக்கோணம் வெட்டி, அதன் மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் ஒரே புள்ளியில் சேரும்படி பக்கத்தில் பக்கமாக வைக்கச் சொன்னேன். சற்று நேரம் காகிதம் கிழியும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அந்தச் சிறுமி, "அடியில நேர்கோடு வருது டீச்சர்" என்றாள். அப்படியானால் மூன்று கோணங்களும் சேர்ந்து எத்தனை பாகை என்று கேட்டேன். 180 என்று அவளே சொன்னாள். வேறொரு முக்கோணம் வெட்டினாலும் இப்படித்தான் வருமா என்றும் கேட்டாள். வெட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் சொல் என்றேன்.