வண்டி சூடானதும் ஐடிலிங் ஏறி ஏறி இறங்குகிறது, எங்கே பார்ப்பது?

பழையவண்டி:

வணக்கம் நண்பர்களே. 1996 மாடல் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன், மேனுவல் கியர், ஆக்சிலரேட்டருக்கு இன்னும் கேபிள்தான். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் வேகம்) 1500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிற்கும், அது எப்போதும் அப்படித்தான். பத்து நிமிடம் ஓடி சூடான பிறகு 800-க்கு வந்துவிட வேண்டும், அதுதான் வருவதில்லை. நிறுத்தத்தில் கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்கும்போது 1100-க்கும் 1800-க்கும் நடுவே ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு நொடிகூட ஆகாது. சில நாள் ஆடாமல் 2000-லேயே நின்றுவிடும். சில நாள் ஒன்றுமே இல்லை, புது வண்டி மாதிரி இருக்கும், சரியாகிவிட்டது என்று நினைத்தால் மறுநாள் திரும்ப வந்துவிடும்.

இதுவரை செய்தது: பிளக் நாலும் புதுசு, ஏர் ஃபில்டர் புதுசு, உள்ளே போகும் காற்றைத் தகடு ஒன்றால் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. ஐடிலிங்குக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் கன்ட்ரோல் வால்வு போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதால் பழைய பார்ட் ஒன்று வாங்கி மாற்றினேன், துளி மாற்றம் இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை. இப்போது இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார்கள். அப்பா ஓட்டிய வண்டி, விற்கும் எண்ணமே இல்லை, ஆனால் ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிக்கொண்டே போகவும் முடியாது. எந்த வரிசையில் பார்ப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

இன்ஜெக்டர்:

கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். அது ஒழுங்காக வேலை செய்வதால்தான் இந்த ஆட்டமே வருகிறது, எப்படி என்று சொல்கிறேன்.

பெட்ரோல் இன்ஜினில் ஐடிலிங் எவ்வளவு என்பதை முடிவு செய்வது காற்று. உள்ளே போகும் காற்றுக்குத் தகுந்த பெட்ரோலைக் கம்ப்யூட்டர் ஊற்றும், அவ்வளவுதான். உங்கள் வண்டியில் கால் வைக்காமலேயே எங்கிருந்தோ கூடுதல் காற்று போகிறது, அதனால் ஆர்பிஎம் ஏறுகிறது. த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் ஆர்பிஎம் சுமார் 1500-ஐத் தாண்டிவிட்டது என்றால் கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? ஆள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறக்கத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்து பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். உடனே ஆர்பிஎம் விழும். விழுந்ததும் இன்ஜின் நின்றுவிடக் கூடாதே என்று மறுபடி பெட்ரோலைக் கொடுக்கும். காற்று அப்படியே கூடுதலாகத்தான் இருக்கிறது, அதனால் திரும்ப ஏறும். நீங்கள் சொன்ன 1100, 1800 ஆட்டம் இதுதான். வேறு ஏதாவது அதே வேலையைக் காட்டினாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று: அந்தக் காற்று எந்த வழியாக வருகிறது?

த்ராட்டில் பாடியின் வாயைப் பாருங்கள், உள்ளே தகட்டுக்கு முன்னால் ஒன்றிரண்டு சின்னத் துளைகள் இருக்கும், ஐடில் வால்வுக்கும் சூடேறும்வரை வேலை செய்யும் ஃபாஸ்ட் ஐடில் வால்வுக்கும் காற்று போவது அந்த வழியாகத்தான். இன்ஜின் சூடாகி ஆட்டம் வந்த நேரத்தில் ஏர் டக்டைக் கழற்றி, ஒவ்வொரு துளையாக விரலால் அடைத்துப் பாருங்கள். உறிஞ்சும் வேகம் விரலில் நன்றாகத் தெரியும். ஒரு துளையை அடைத்ததும் ஆர்பிஎம் சட்டென்று விழுந்தால் காற்று அந்த வால்வு வழியாக வருகிறது. எல்லாவற்றையும் அடைத்தும் விழவில்லை என்றால் ஒன்று த்ராட்டில் தகடே முழுக்க மூடவில்லை, இல்லையென்றால் அதற்குப் பின்னால் எங்கோ வேக்கம் லீக், அதாவது ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. டக்டில் காற்றை அளக்கும் மீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் டக்டைக் கழற்றியதுமே இன்ஜின் நின்றுவிடும், அப்போது இந்த முறை உதவாது. உங்களுடையது மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) பிரஷர் சென்சார் வகையா, மீட்டர் வகையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு வேலை செய்யுங்கள், ஃபேன் பக்கத்திலேயே இருக்கும்.

ஸ்பேனர்:

இன்ஜெக்டர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அதற்கும் முன்னால் ரேடியேட்டரில் கூலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள் சார். சம்பந்தமில்லாத மாதிரி தெரியும், இதை நான் அனுபவித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் வந்த நிறைய வண்டிகளில் அந்த ஃபாஸ்ட் ஐடில் வால்வுக்குள் மெழுகு அடைத்த ஒரு சின்ன உருளை இருக்கும். த்ராட்டில் பாடிக்கு வரும் சூடான கூலன்ட் அந்த மெழுகை உருக்கினால் அது விரிந்து காற்று வழியை மூடும். கூலன்ட் குறைந்தாலோ, ஹோஸுக்குள் காற்று அடைத்துக்கொண்டாலோ அங்கே சூடு போய்ச் சேராது. இன்ஜின் கொதிக்கக் கொதிக்க ஓடினாலும் அந்த வால்வைப் பொறுத்தவரை இன்னும் விடியற்காலைதான், வழியைத் திறந்தே வைத்திருக்கும். டெம்பரேச்சர் சென்சாரும் தண்ணீரில் முங்காமல் காற்றில் நின்றால் இன்ஜின் குளிராக இருக்கிறது என்று தப்பான கணக்கைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எனக்கு மூன்று வாரம் இதே தொல்லை, கடைசியில் முக்கால் லிட்டர் தண்ணீர் குறைந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

கூலன்ட்டுக்கான பிளாஸ்டிக் பாட்டிலில் அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ஆனால் இரவு முழுக்க ஆறிய பிறகு, காலையில் மட்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் முகத்திலேயே அடிக்கும், தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். இன்னொரு சோதனை, வண்டி சூடான பிறகு ஹீட்டரைப் போடுங்கள், காற்று வெதுவெதுப்பாகக்கூட வரவில்லை என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது.

கார்ப்காலம்:

எதற்கு இவ்வளவு? த்ராட்டில் பாடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதை அரைச் சுற்று இறக்கினால் ஐடிலிங் இறங்கிவிடப் போகிறது. கார்புரேட்டர் வண்டிகளில் முப்பது வருடமாக அப்படித்தான் செய்கிறேன். லீக் இருக்கிறதா என்று பார்க்க மேனிஃபோல்டு ஓரத்தில் கொஞ்சம் பெட்ரோலைத் தெளித்தால் ஆர்பிஎம் மாறுவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்ஜெக்டர்:

அண்ணே, உங்கள் அனுபவத்தின் மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்த இரண்டும் இந்த வண்டிக்கு வேண்டாம். கார்புரேட்டரில் அது ஐடில் ஸ்க்ரூ. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அது தகடு சுவரில் போய் இறுகிவிடாமல் தாங்கி நிற்கும் ஸ்டாப்பர், கம்பெனியிலேயே வைத்து பெயின்ட் புள்ளி போட்டு அனுப்புவார்கள். அதைத் திருப்பினால் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் கணக்கும் சேர்ந்து மாறும், த்ராட்டில் மூடியிருக்கிறது என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போகலாம், தெரியாவிட்டால் ஐடிலிங்கைக் கட்டுப்படுத்தும் வேலையை அது எடுத்துக்கொள்ளவே எடுத்துக்கொள்ளாது. ஐடிலிங்குக்கு என்று தனியாக பைபாஸ் ஸ்க்ரூ உள்ள வண்டிகளும் உண்டு, அது வேறு.

பெட்ரோல் தெளிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சூடான எக்ஸாஸ்ட் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, பழைய பிளக் ஒயரில் பொறி கசிந்தால் அங்கேயே தீப்பிடிக்கும். ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் போதும். கேஸ்கெட் ஓரம், ஹோஸ் முனைகள், இன்ஜெக்டர் அடியில் உள்ள ரப்பர் என்று ஒவ்வொரு இடமாக அடியுங்கள், லீக் உள்ள இடத்தில் தண்ணீர் ஒரு கணம் அடைத்துக்கொள்ளும், ஆர்பிஎம் லேசாகத் தடுமாறும்.

கார்ப்காலம்:

தீ விஷயம் நீங்கள் சொல்வது சரி, பெட்ரோல் வேண்டாம், நான் எழுதியதை யாரும் செய்ய வேண்டாம். ஆனால் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மூக்குப் பிளையரால் அமுக்கிப் பாருங்கள், துணி சுற்றிக்கொண்டு, மேனிஃபோல்டுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக. பிரேக்கை மிதிக்க லேசாக்கும் பூஸ்டரின் ஹோஸ், இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி ஹோஸ் இரண்டையும் விடாதீர்கள். இது எந்தக் காலத்து வண்டிக்கும் பொருந்தும். அப்புறம் ஆக்சிலரேட்டர் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள், விரலால் தள்ளினால் சற்று ஆட வேண்டும்.

பழையவண்டி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கூலன்ட். பாட்டிலில் மேல் கோடு வரை இருந்தது, ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை! ஒன்றேகால் லிட்டர் குடித்தது. மூடியின் அடியில் உள்ள ரப்பர் கல் மாதிரி இறுகி, ஒரு ஓரத்தில் பிளந்திருந்தது. வண்டி ஆறும்போது பாட்டிலிலிருந்து திரும்ப இழுக்க வேண்டியதை அது இழுக்கவே இல்லை போல. புது மூடி போட்டு, முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும்வரை ஓடவிட்டேன். ஆட்டம் நின்றுவிட்டது. 1000-ல் நிலையாக நிற்கிறது.

ஆனால் முழுசாகத் தீரவில்லை. நீண்ட தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் 1400. இன்று அந்த நேரத்தில் பானெட்டைத் திறந்து துளைகளை அடைத்துப் பார்த்தேன் (மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் வகைதான், டக்டைக் கழற்றியும் இன்ஜின் நிற்கவில்லை), இறங்கவே இல்லை. கேபிளில் தளர்வு இருக்கிறது. பூஸ்டர் ஹோஸை அமுக்கினேன், மாற்றமில்லை. பிசிவி ஹோஸை மேனிஃபோல்டு பக்கம் அமுக்கியதும் 1400-லிருந்து 850-க்கு விழுந்தது.

மேலிருந்து பார்த்தால் ஹோஸில் ஒரு கீறல்கூட இல்லை. கழற்றித் திருப்பினால் வளைவின் அடிப்பக்கத்தில் ஒரு இன்ச் நீளத்துக்குப் பிளவு. குளிர்ந்திருக்கும்போது உதடு மாதிரி மூடிக்கொள்கிறது, கையால் லேசாக வளைத்தால்தான் வாய் திறக்கிறது. எண்ணெய்யில் ஊறி அந்த இடம் மட்டும் கொழகொழ என்று ஆகியிருந்தது. சில நாள் வந்து சில நாள் வராமல் இருந்ததற்குக் காரணம் இதுதானா?

இன்ஜெக்டர்:

இதுவேதான். சூட்டில் ரப்பர் இளகினால் பிளவு விரியும், ஆறினால் மூடிக்கொள்ளும். பிரஷர் சென்சார் வகை என்பதால் கசிந்து வந்த காற்றுக்கும் சேர்த்தே கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றியிருக்கும், அதனால்தான் இன்ஜின் தடுமாறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறியது, விளக்கும் எரியவில்லை. மீட்டர் வகையாக இருந்திருந்தால் அளக்காத காற்று உள்ளே போய் கலவை மெலிந்து இன்ஜின் உதறியிருக்கும்.

தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டுவிடாதீர்கள், எண்ணெய் ஆவியைத் தாங்கும் ரப்பர் வேண்டும், அதே வளைவில் வார்த்து வந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. பிசிவி வால்வையும் கையில் எடுத்துக் குலுக்குங்கள், கட கட என்று சத்தம் வர வேண்டும். வண்டியில் முதலில் இருந்த ஐடில் வால்வைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், சுத்தம் செய்து அதையே திரும்ப மாட்டுங்கள்.

பழையவண்டி:

ஹோஸ் மாற்றி ஒரு வாரம் ஆகிறது. ஒரிஜினல் வால்வையே போட்டுவிட்டேன். சூடானதும் 820, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தினாலும் 820. இத்தனை நாள் கழித்து வண்டி சத்தமில்லாமல் நிற்பதைக் கேட்கவே நிம்மதியாக இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். த்ராட்டில் ஸ்டாப்பர் ஸ்க்ரூவில் பெயின்ட் புள்ளி உடைந்திருக்கிறது, யாரோ எப்போதோ திருப்பியிருக்கிறார்கள். மல்டிமீட்டரில் பார்த்தால் த்ராட்டில் சென்சார் மூடிய நிலையில் 0.62 வோல்ட் காட்டுகிறது. அப்படியே விடலாமா?

இன்ஜெக்டர்:

பல வண்டிகளில் அரை வோல்ட்டை ஒட்டி இருக்கும், ஆனால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. 0.62 அதற்குள் வந்தால் கை வைக்காதீர்கள். வெளியே இருந்தால் ஸ்க்ரூவைத் தகடு முழுக்க மூடும்வரை தளர்த்தி, நெம்புகோலை மெல்லத் தொடும் இடத்துக்குக் கொண்டு வந்து, தகடு சுவரில் சிக்காத அளவுக்கு இன்னும் கடுகளவு மட்டும் திருப்பிப் பூட்டுங்கள். சென்சாரைச் சரிசெய்வது அதற்கு அப்புறம்தான், இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால் எது எதை மாற்றியது என்று தெரியாது. தொடும் முன் இப்போது இருக்கும் இடத்தில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள்.